படம் பிடிக்கலாம், கழுவுவது யார்?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய வகுப்பில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேசப்போகிற விஷயத்தைக் கேட்டதும் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கும். கூலிப் பாக்கி, நைட் ஷிப்டு, மோட்டார் ஓடாத வயல் என்று ஆயிரம் பிரச்னைகள் கிடக்கும்போது, சினிமாப் பிலிமை வாளியில் போட்டுக் கழுவுவதைப் பற்றி ஒரு வகுப்பா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இன்னொரு கேள்வியும் கூடவே வரும். இப்போது ஒவ்வொருவர் மடியிலும் செல்போன் இருக்கிறது. விரலால் தொட்டால் படம் ஓடுகிறது. பிலிமாவது, கழுவுவதாவது? அது தாத்தா காலத்துச் சமாச்சாரம் இல்லையா?

இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரு பழைய கதையிலிருந்து தொடங்குவோம். வேலைநிறுத்தம் அறிவிக்கிற இரவில் நம்முடைய மூத்த தோழர்கள் நோட்டீஸ் அடிக்க அச்சகத்துக்குப் போவார்கள். அவர்களுக்கு முன்னாலேயே ஆலை நிர்வாகத்தின் ஆள் அங்கே வந்து போயிருப்பான். அச்சகக்காரர் கெட்டவர் அல்ல. ஆனால் மிஷின் பழுது என்பார், காகிதம் இல்லை என்பார், இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்பார். இரண்டு நாள் கழித்து நோட்டீஸ் எதற்கு? அதனால்தான் சங்கங்கள் தேங்காய் உடைத்துச் சைக்ளோஸ்டைல் மிஷின் வாங்கின. மெழுகுத் தாளில் எழுத்தாணியால் எழுதி, கையால் உருட்டி, விடியும் முன் ஆயிரம் தாள் எடுத்தார்கள். எழுத்து அழகாக இருக்காது. ஓரத்தில் மை அப்பியிருக்கும். ஆனால் காலை ஷிப்டுக்காரன் கேட்டில் நுழையும்போது அது அவன் கையில் இருந்தது.

பேனா வைத்திருப்பது வேறு, அச்சகம் வைத்திருப்பது வேறு. சினிமாவிலும் இதே கதைதான். காமிரா பேனா மாதிரி. பிலிமைக் கழுவுகிற லாபரட்டரி அச்சகம் மாதிரி. காமிராவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கழுவுகிற தொட்டி யாருடையது என்று கேட்பவர்கள் குறைவு.

கழுவுவது என்றால் என்ன?

முதலில் வேலையைப் புரிந்துகொள்வோம். பஞ்சாலைத் தொழிலாளிக்கு, அதிலும் சாயப்பட்டறை தெரிந்தவனுக்கு, இது கடினமே இல்லை.

பிலிம் என்பது ஒளி ஊடுருவும் ஒரு நாடா. அதன் ஒரு பக்கத்தில் மெல்லிய பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சு ஜெலட்டின். மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கிற பசை. அந்தப் பசைக்குள் வெள்ளி உப்புகள் பொடிப் பொடியாக உறைந்து கிடக்கின்றன. ஆமாம், கொலுசு செய்கிற அதே வெள்ளிதான். காமிராவின் கதவு கண் சிமிட்டும் நேரம் திறக்கிறது. வெளிச்சம் பட்ட துகளில் ஒரு மாறுதல் நிகழ்கிறது. ஆனால் அந்த மாறுதல் கண்ணுக்குத் தெரியாது. படம் அங்கே இருக்கிறது, பார்க்க முடியாது. அந்த நிலையில் பிலிமை வெளியே எடுத்தால் எல்லாம் போச்சு. போலந்து நாட்டு டைரக்டர் கீஸ்லோவ்ஸ்கி 1979ல் எடுத்த அமாத்தோர் என்ற படத்தில் ஓர் ஆலைத் தொழிலாளி வருகிறான். பிறக்கப்போகும் குழந்தையைப் படம் பிடிக்கக் காமிரா வாங்குகிறான். ஆலை டைரக்டர் அவனை ஆலை விழாவைப் படம் எடுக்கச் சொல்கிறார். பிறகு இதைக் காட்டாதே, அதை வெட்டு என்கிறார். கடைசியில் அவனே ஒரு டப்பாவைத் திறந்து, பிலிமை வெளிச்சத்தில் உருட்டி விட்டுவிடுகிறான். அவ்வளவுதான், எடுத்ததெல்லாம் அழிந்தது. கழுவாத பிலிமுக்கு வெளிச்சம்தான் எமன்.

ஆகவே இருட்டறை. கும்மிருட்டில் பிலிமை டெவலப்பர் என்ற கரைசலில் போடுகிறோம். வெளிச்சம் பட்ட துகள்கள் கறுத்த வெள்ளியாக மாறுகின்றன. பிறகு தண்ணீர். பிறகு ஹைப்போ. சோடியம் தயோசல்பேட் என்று இதற்குப் பெயர். வெளிச்சம் படாத உப்பை எல்லாம் இது கரைத்து எடுத்துவிடுகிறது. மிஞ்சியது படம். இனி விளக்கைப் போடலாம். நிறையத் தண்ணீரில் அலசி, கொடியில் துணி காயப்போடுகிற மாதிரி காயப்போட வேண்டும்.

சாயத் தொட்டியில் நூல் சிட்டத்தை முக்குகிற தோழர்களைக் கேட்கிறோம்: அங்கே எதெது முக்கியம்? சூடு, நேரம், கை அசைவு. சிட்டத்தைத் திருப்பாமல் விட்டால் சாயம் திட்டுத் திட்டாக ஏறும். இங்கும் அதே மூன்றுதான். பெரிய லாபரட்டரியில் மிஷின் பிலிமை ஒரே சீராக இழுத்துக்கொண்டு போகும். வாளியில் கழுவுகிறவன் கையால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முப்பது மீட்டர் பிலிம் வாளிக்குள் இடியாப்பம் மாதிரி சுருண்டு கிடக்கும். ஒன்றோடொன்று ஒட்டின இடத்தில் கரைசல் போகாது. அங்கே கறை விழும். நகம் பட்ட இடத்தில் கீறல் விழும். திரையில் ஓட்டிப் பார்த்தால் மழை பெய்கிற மாதிரி இருக்கும்.

இந்தத் தொல்லையைக் குறைக்க சோவியத் யூனியனில் ஒரு தொட்டி செய்தார்கள். லெனின்கிராடில் லோமோ என்ற தொழிற்சாலையின் தயாரிப்பு. உள்ளே வட்டச் சுழலாகப் பள்ளம். அதில் பிலிமைச் சுற்றி வைத்து மூடிவிட்டால் ஒரு வளையம் இன்னொன்றைத் தொடாது. பகல் வெளிச்சத்திலேயே மேலே இருக்கிற திறப்பு வழியாகக் கரைசலை ஊற்றி இறக்கலாம். அங்கே ஆலைகளின் கலாசார மாளிகைகளில் தொழிலாளர்களின் அமெச்சூர் சினிமாக் குழுக்கள் இருந்தன. அவர்களைப் போன்றவர்களுக்காகச் செய்தது. சோவியத் யூனியன் 1991ல் கலைந்தது. அந்தத் தொட்டிகள் இன்றும் பாரிசிலும் பெர்லினிலும் டொரண்டோவிலும் கழுவிக்கொண்டிருக்கின்றன.

ரயிலில் ஓடிய லாபரட்டரி

இப்போது 1932ஆம் வருஷத்துக்குப் போவோம். அலெக்சாந்தர் மெத்வேத்கின் என்பவர் உள்நாட்டு யுத்தத்தில் செம்படைக் குதிரை வீரராக இருந்தவர். பிறகு சினிமாவுக்கு வந்தார். அவருக்கு ஒரு யோசனை. தலைநகரில் உட்கார்ந்து படம் எடுத்து, மாதக்கணக்கில் கழித்து ஜனங்களுக்கு அனுப்பினால் என்ன பிரயோஜனம்? சுரங்கத்தில் இன்றைக்கு நடக்கிற கோளாறை இன்றைக்கே பிடித்து, நாளைக்கே அதே சுரங்கத் தொழிலாளிக்குக் காட்ட வேண்டும். அவன் பார்த்துவிட்டு எழுந்து பேச வேண்டும். அதற்கு காமிரா போதாது. லாபரட்டரியையே கூடக் கொண்டுபோக வேண்டும்.

1932 ஜனவரி 25ந் தேதி மாஸ்கோவிலிருந்து மூன்று பழைய ரயில் பெட்டிகள் கிளம்பின. 32 பேர் அதில் குடியிருந்தார்கள், வேலையும் செய்தார்கள். பிலிம் கழுவும் இடம், வெட்டி ஒட்டும் மேஜைகள், கார்ட்டூன் வரையும் மேஜை, படம் காட்டும் மிஷின், துண்டறிக்கை அடிக்க ஒரு சின்ன அச்சகம், எல்லாம் பெட்டிக்குள்ளேயே. நாள் ஒன்றுக்கு 2,000 மீட்டர் பிலிம் வரை கழுவும் சக்தி அந்தச் சக்கரத்து லாபரட்டரிக்கு இருந்தது என்று கணக்குச் சொல்கிறார்கள். இந்த வேகத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ரயில் பெட்டிக்குள், தண்ணீரையும் கூடவே சுமந்துகொண்டு!

அந்த ஒரு வருஷத்தில் 294 நாள் அவர்கள் தண்டவாளத்தில் கழித்தார்கள். ஆறு பயணங்கள். 72 படங்கள். மொத்தம் 24,565 மீட்டர். கிரிவோய் ரோக் இரும்புச் சுரங்கம், தினேப்ரோபெத்ரோவ்ஸ்க், கூட்டுப் பண்ணைகள் என்று போனார்கள். எல்லாம் குறும்படங்கள். பேச்சு கிடையாது, எழுத்து அட்டைகள்தான். எப்படி வாழ்கிறாய், தோழர் சுரங்கத் தொழிலாளியே என்று ஒரு படத்துக்குப் பெயர். பதில் இனிப்பானது அல்ல. தொழிலாளர் குடியிருப்பின் அழுக்கையும் அலட்சியத்தையும் காமிரா நேராகப் பிடித்தது. பின்தங்கிக் கிடக்கிற இடங்களில் கார்ட்டூன் ஒட்டகம் ஒன்று வந்து கேலி செய்யும். படம் முடிந்தவுடன் கூட்டம். படத்தில் வந்த நிர்வாகி அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஏன் இப்படி, யார் பொறுப்பு, எப்போது சரியாகும் என்று பார்த்தவர்கள் எழுந்து கேட்பார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது அந்த ஒரு நாள் இடைவெளியைத்தான். லாபரட்டரி ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்திருந்தால் படம் திரும்பி வரும்போது கோளாறு பழங்கதை ஆகியிருக்கும். அல்லது வழியில் யாராவது ஒரு பெரிய மனிதர் பார்த்துவிட்டு, இது வேண்டாமே என்று பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பார். கழுவும் தொட்டி கூடவே இருந்ததால்தான் படம் விவாதமாயிற்று.

மெச்சுவதோடு நிறுத்திவிட்டால் நாம் பாதி உண்மைதான் பேசினவர்கள் ஆவோம். அந்த ரயில் உக்ரேனில் ஓடிய காலத்திலேயே, 1932-33ல், அங்கே கொடிய பஞ்சம் வந்தது. இலட்சக்கணக்கில் விவசாய ஜனங்கள் மடிந்தார்கள். நமக்குக் கிடைத்திருக்கிற ரயில் படங்களில் அந்தப் பட்டினியின் முகம் இல்லை. திருகாணி கழன்ற மிஷினைக் காட்ட முடிந்தது. தானியம் எடுத்துச் செல்லப்பட்ட வீட்டைக் காட்டவில்லை. தொட்டி கையில் இருந்தால் மட்டும் போதாது, எதை நோக்கிக் காமிராவைத் திருப்பலாம் என்ற உரிமையும் கையில் இருக்க வேண்டும். இதை விவசாயத் தொழிலாளிகளுக்கு முன்னால் சொல்லாமல் மறைப்பது நமக்கு அழகல்ல.

அந்தப் படங்களுக்கும் நல்ல கதி நேரவில்லை. ஐம்பது வருஷம் அவை தொலைந்ததாகவே எல்லோரும் நினைத்தார்கள். 1980களில்தான் ஓர் ஆராய்ச்சியாளர் ஆவணக் களஞ்சியத்தில் தேடிச் சிலவற்றைக் கண்டெடுத்தார். 72ல் பெரும்பாலானவை இன்றும் இல்லை.

நூல் ஆலையில் ஒரு சினிமாக் குழு

ரயில் நின்றுபோனாலும் அதன் பெயர் நிற்கவில்லை. பிரான்சில் பெசான்சோன் என்று ஒரு நகரம். அங்கே ரோதியாசேதா என்ற செயற்கை நூல் ஆலை. ஆலைச் சங்கு எப்படி மனிதனின் தூக்கத்தையும் சாப்பாட்டையும் தின்னும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நான்கு அணி, இடைவிடாத ஷிப்டு. இரண்டு நாள் காலை, இரண்டு நாள் மாலை, பிறகு இரவு என்று உடம்பு ஒரு நேரத்துக்குப் பழகும் முன்னே அடுத்த நேரம். 1967 பிப்ரவரி, மார்ச்சில் தொழிலாளர்கள் ஆலையை ஆக்கிரமித்து வேலைநிறுத்தம் செய்தார்கள். கிறிஸ் மார்க்கர் என்ற டைரக்டரை அந்த ஊர்க் கலாசார மன்றத்தார் அழைத்தார்கள். அவரும் மாரியோ மாரே என்பவரும் ஒரு படம் எடுத்தார்கள். 1968ல் அது டெலிவிஷனிலும் வந்தது.

பிறகு அதைத் தொழிலாளர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். என்ன நடந்தது தெரியுமா? கைதட்டல் மட்டும் வரவில்லை. எங்களை வெறும் பரிதாபமாகக் காட்டிவிட்டீர்கள், சங்க வேலை எங்கே, பெண்கள் எங்கே என்று பிடித்துக்கொண்டார்கள். மார்க்கர் கோபித்துக்கொள்ளவில்லை. வெளியிலிருந்து வந்தவன் எடுத்தால் வெளியிலிருந்து பார்த்த படம்தான் வரும், நீங்களே எடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு இரு தரப்பும் வந்தார்கள். காமிராவும் எடிட்டிங் மேஜையும் அந்த ஊருக்கே வந்தன. தொழிலாளர்கள் தங்கள் குழுவுக்கு மெத்வேத்கின் குழு என்று பெயர் வைத்தார்கள். முதல் படத்திலே கணவன் பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்திருந்த சூசான் ஸெதே என்ற பெண் தொழிலாளி, இவர்கள் எடுத்த படத்திலே சங்கத் தலைவியாக ஆலை வாசலில் நின்று பேசுகிறார். இரண்டுக்கும் நடுவே ஒரு வருஷம்கூட இல்லை. பிறகு சொஷோ நகரத்து மோட்டார் தொழிற்சாலையிலும் இன்னொரு குழு தோன்றியது. சிலது மூன்று நிமிடப் படம், சிலது முக்கால் மணி. பாட்டு, போட்டோ, எழுத்து, நாடகம் எல்லாவற்றையும் கலந்து பார்த்தார்கள். கதை சொல்லும் சினிமாவின் இலக்கணம் தெரியாததால் புது இலக்கணம் உண்டாக்கினார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

சோதனைப் படம் என்று சொல்கிறார்களே, அது இதுதான். மண்டையைப் பிளக்கும் சங்கதி ஒன்றும் இல்லை. நாயகன், நாயகி, சண்டை, டூயட் இல்லாமல், பிலிமை வைத்து வேறு என்ன செய்ய முடியும் என்று பார்ப்பது. லென் லை என்பவர் 1935ல் காமிராவே இல்லாமல் பிலிம் நாடாவின் மேல் நேராக வர்ணம் தீட்டி ஒரு படம் செய்தார். காசு கொடுத்தது பிரிட்டிஷ் தபால் இலாகா. வண்ணங்கள் ஆடி ஆடிக் கடைசியில் பார்சல் கட்டணம் எவ்வளவு என்று முடியும்! மறு வருஷம் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ ஓவியப் பள்ளியில் படித்த நார்மன் மெக்லாரனும் ஹெலன் பிக்கரும் ஆயுத வியாபாரிகளை எதிர்த்து ஒரு சின்னப் படம் எடுத்தார்கள். பொம்மை, வரைபடம், கார்ட்டூன், போட்டோ என்று கையில் கிடைத்ததை எல்லாம் போட்டார்கள்.

நம் ஊரிலும் டூரிங் டாக்கீஸ் கொட்டகைக்குப் பின்னால் ஆபரேட்டர் வெட்டி எறிந்த பிலிம் துண்டுகளைப் பொறுக்கி, தண்ணீர் நிரப்பிய பல்பையும் கண்ணாடித் துண்டையும் வைத்துச் சுவரில் படம் காட்டிய பையன்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் ஊசியால் நாடாவைக் கீறிப் பார்த்திருந்தால் அவனும் சோதனைப் படக்காரன்தான்.

மூடின லாபரட்டரிகளும் எடுத்துக்கொண்ட கைகளும்

சரி, இன்றைய நிலைமை என்ன? டிஜிட்டல் வந்தது. பிலிம் தொழில் சரிந்தது. 2012ல் கோடாக் கம்பெனி திவால் மனு கொடுத்தது. 2013ல் ஜப்பானின் பியூஜி சினிமாப் பிலிம் செய்வதை நிறுத்தியது. உலகம் முழுக்க லாபரட்டரிகள் மூடின.

நம் நீலகிரியையே பாருங்கள். உதகமண்டலத்தில் 1960ல் பொதுத்துறையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையை நிறுவினார்கள். 1967 முதல் அங்கே பிலிம் உற்பத்தியாயிற்று. பிரெஞ்சுக் கம்பெனியின் தொழில் நுட்பம், நம் தொழிலாளியின் கை. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிலிம், போட்டோ காகிதம், கறுப்பு வெள்ளைப் பிலிம் எல்லாம் இந்து என்ற பெயரில் வந்தன. இருட்டிலேயே வேலை செய்து பழகிய தொழிலாளர்கள் அவர்கள். 1990களில் அது நலிந்த ஆலை ஆயிற்று. கடைசியில் விருப்ப ஓய்வு என்று சொல்லித் தொழிலாளர்களை வெளியே அனுப்பினார்கள். விருப்பம் யாருடையது என்று உங்களுக்கே தெரியும். வெள்ளியைப் பசையில் கலந்து ஒரே கனத்தில் பூசுகிற அந்தக் கைத்திறனை எந்தப் பட்டறையில் மறுபடி வாங்குவது?

ஆனால் எல்லா இடத்திலும் மிஷின்கள் பழைய இரும்புக் கடைக்கே போய்விடவில்லை. பிரான்சில் கிரனோபிள் நகரில் 1990களின் ஆரம்பத்தில் சில கலைஞர்கள் தாங்களே பிலிம் கழுவ ஒரு பட்டறை வைத்தார்கள். பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். தாங்க முடியவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? கட்டணத்தை ஏற்றவில்லை, கதவைச் சாத்தவில்லை. உங்கள் ஊரில் நீங்களே ஒன்று தொடங்குங்கள், கற்றுத் தருகிறோம் என்றார்கள். அப்படிப் பிறந்தவற்றில் ஒன்று பாரிசுக்குப் பக்கத்தில் 1996ல் ஒரு கட்டிடத்தின் அடித்தளத்தில் தொடங்கிய லாபொமினாப்ல். மூடிப்போகிற கம்பெனிகள் கழித்த மிஷின்களை வாங்கித் தாங்களே ரிப்பேர் பார்த்து ஓட்டினார்கள். பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்த ஒரு பழைய பொதுச் சமையற்கூடத்துக்கு மாறினார்கள். அங்கே கழுவிக் கொடுக்கும் கூலியாள் கிடையாது. வருகிறவன் வேலையைக் கற்றுக்கொண்டு தன் பிலிமைத் தானே கழுவ வேண்டும். அடுத்து வருகிறவனுக்குச் சொல்லித் தர வேண்டும். சங்கம் நடத்துகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது.

ஆசியாவிலும் உண்டு. இந்தோனேசியாவின் தலைநகர் ஜகார்த்தாவில் சர்க்கார் சினிமாக் கம்பெனியின் லாபரட்டரி கைவிடப்பட்டுத் தூசி மூடிக் கிடந்தது. 2014ல் சில வாலிபர்கள் உள்ளே போனார்கள். வெப்பத்தில் பழைய பிலிம் கெட்டால் புளித்த காடி நாற்றம் அடிக்கும். அந்த நாற்றத்துக்கு நடுவே மிஷின்களைத் துடைத்தார்கள், சுருள்களைப் பிரித்துப் பார்த்தார்கள், பிலிமைக் கையால் கழுவப் பழகினார்கள். தங்கள் குழுவுக்கு லாப் லாபா-லாபா என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் பாஷையில் லாபா-லாபா என்றால் சிலந்தி. கைவிட்ட கட்டிடத்துக்குப் பொருத்தமான பெயர்தான்.

அமெரிக்காவில் ஹெலன் ஹில் என்ற இளம் பெண் கையால் படம் செய்கிறவர்களிடமிருந்து பக்குவங்களைக் கடிதம் மூலம் சேகரித்து, சமையல் புத்தகம் மாதிரி ஒன்று தொகுத்தார். 2001ல் அது வந்தது. எந்தப் பக்குவமும் யாருடைய ரகசியமும் அல்ல என்பது அதன் நோக்கம். நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஏழை எளியவர்களுக்கு நடுவே வாழ்ந்தவர். 2005ல் கத்ரினா புயல் வெள்ளத்தில் அவருடைய பிலிம்கள் மூழ்கின. கறை படிந்த சுருள்களைத் தாமே அலசி மீட்கத் தொடங்கினார். 2007 ஜனவரியில் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தொகுத்த பக்குவங்கள் இன்றும் பல பட்டறைகளில் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

காப்பித் தூளும் சலவைச் சோடாவும்

பக்குவம் என்று சொன்னோம். ஒன்றைச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இதைக் கேட்டால் வீட்டிலே சண்டை வரும். பிலிம் கழுவக் கடையிலே விற்கிற டெவலப்பர் தேவையில்லை. காப்பித் தூள் போதும். 1995ல் அமெரிக்காவில் ரோச்செஸ்டர் தொழில் நுட்பக் கல்லூரியில் ஓர் ஆசிரியரும் மாணவர்களும் இதைச் செய்து காட்டினார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி பொடி 16 கிராம், இன்ஸ்டன்ட் காப்பித் தூள் 40 கிராம். 20 டிகிரி சூட்டில் சுமார் 15 நிமிடம். நல்ல டிகிரி காப்பித் தூளை வீணாக்காதீர்கள். மட்டமான இன்ஸ்டன்ட் தூள்தான் இதற்கு உசத்தி. தூக்கத்தை விரட்டுகிற காபீன் இதில் ஒன்றும் செய்வதில்லை. காப்பியில் இருக்கிற வேறு அமிலங்கள்தான் வெள்ளியைக் கறுக்கச் செய்கின்றன. வாடை மட்டும் சகிக்காது.

நம் சித்திரை மாதத் தண்ணீர் 30 டிகிரிக்கு மேலேயே இருக்கும். அதில் போட்டால் படம் நிமிஷத்தில் கறுத்துவிடும், ஜெலட்டினும் கொழகொழத்துவிடும். வாளியைச் சுற்றி ஐஸ் வைக்க வேண்டும். மீன் மார்க்கெட்டில் கிடைக்கும்.

இப்படிக் கழுவி எடுத்தால் வருவது நெகட்டிவ். வெள்ளைச் சட்டை கறுப்பாகவும் கறுத்த முகம் வெளுப்பாகவும் இருக்கும். அதைத் திருப்ப இன்னொரு பிலிமில் பிரதி எடுக்கலாம், அல்லது வெளுக்கும் கரைசல் போட்டு இரண்டாம் முறை கழுவலாம். வெளுக்கும் கரைசல் ஆபத்தானது, கையுறை இல்லாமல் தொடக்கூடாது. அதைவிடச் சுலபம், நெகட்டிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் திருப்பிக்கொள்வது. பழையதையும் புதியதையும் சேர்த்துப் பிடிப்பதில் தப்பே இல்லை.

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். செல்போன் இருக்கும்போது இது எதற்கு?

செல்போனைக் கீழே போடச் சொல்லவில்லை. கேட் மீட்டிங்கில் அடியாள் கை ஓங்கினால் செல்போனைத்தான் எடுக்க வேண்டும், காப்பித் தூளைத் தேடிப் போகக்கூடாது. ஆனால் அந்தப் படம் போய்ச் சேருகிற இடம் எது? எவனோ ஒரு கோடீஸ்வரன் கம்பெனியின் கிடங்கு. அதை எத்தனை பேர் பார்க்கலாம், எப்போது மறைக்கலாம் என்று அவன் மிஷின் தீர்மானிக்கிறது. அச்சகக்காரர் காகிதம் இல்லை என்று முகத்தைப் பார்த்துப் பொய்யாவது சொன்னார். இங்கே பொய் சொல்லக்கூட ஆள் இல்லை. ஒரு வாளி, ஒரு இருட்டறை, பத்துப் பேர் உட்காரும் கூடம் என்று ஒரு சின்னப் படம் பிறந்து காட்டப்படுவதை ஒரு தரம் கண்ணால் பார்த்தவனுக்கு, நடுவிலே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது புரியும்.

இன்னொரு லாபமும் உண்டு. 16 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு சுருள் 30 மீட்டர். விநாடிக்கு 24 படம் வீதம் ஓட்டினால் மூன்று நிமிடம்கூட வராது. அதன் விலையோ நம் தொழிலாளியின் பல நாள் கூலி. அந்த மூன்று நிமிடத்தில் எதைப் பிடிப்பது? பஞ்சுத் தூசி அப்பிய கண் இமையையா, சைசிங்கில் நிற்கிறவனின் பாதத்தையா, களத்து மேட்டில் படி அளக்கிற கையையா? பத்துப் பேர் உட்கார்ந்து விவாதித்துத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த விவாதம் பாதிப் படம்.

இந்தத் துறையில் வருகிற எல்லாமே நல்லது என்று நாம் சொல்லமாட்டோம். கறையும் கீறலும் வந்ததாலேயே அது கலை என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிற கூட்டம் ஒன்று உண்டு. ஓய்வும் பணமும் உள்ளவர்களின் விளையாட்டாக முடிகிற படங்கள் ஏராளம். சாயம் திட்டாக ஏறினால் நம் மேஸ்திரி அதை அழகு என்று ஒப்புக்கொள்வாரா? சில இடத்தில் கறை பேசும், சில இடத்தில் அது வெறும் கறைதான். சூசான் ஸெதேயின் முகம் தெளிவாகத் தெரிந்ததால்தான் அவர் பேசினது காதில் விழுந்தது. கை வேலை என்பது கவனக்குறைவுக்கு இன்னொரு பெயர் ஆகிவிடக்கூடாது.

விலை அதிகம் என்ற ஆட்சேபம் உண்மையானது. அதனால் தொடக்கத்திலேயே புதுச் சுருள் வாங்க வேண்டாம். மூடின கொட்டகைகளின் ஆபரேட்டர்கள் வீட்டுப் பரணில் பழைய சுருள்கள் கிடக்கும். கேட்டால் கொடுப்பார்கள். அதில் ஊசியால் கீறலாம், வெந்நீரில் ஊறவைத்துப் பூச்சை உரித்துவிட்டு மை தீட்டலாம். ரொம்பப் பழைய நைட்ரேட் பிலிமாக இருந்தால் மட்டும் தொடாதீர்கள், அது வெடிமருந்தின் தங்கச்சி. ஓட்டிக் காட்டுகிற மிஷினும் அந்த ஆபரேட்டர்களிடமே கேட்க வேண்டும். அவர்களில் பலருக்கு வேலை போனது. கூப்பிட்டால் வந்து சொல்லித் தருவார்கள்.

கடைசியாக ஒரு ஜாக்கிரதை. ஹைப்போ பழசானதும் சாக்கடையில் கொட்டாதீர்கள். சாயத் தண்ணீர் நொய்யலை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். அதில் கரைந்த வெள்ளி இருக்கிறது, மண்ணுக்கும் மீனுக்கும் விஷம். ஒரு பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரைக் கொஞ்சம் உள்ளே போட்டு ஒரு வாரம் மூடி வையுங்கள். இரும்பு கரையும், வெள்ளி அடியில் கறுத்த சேறாக இறங்கும். மேலே நிற்கிற தண்ணீரிலும் மருந்து மிச்சம் இருக்கும், அதையும் கேனிலேயே வைத்திருந்து கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். சேற்றைக் காயவைத்துச் சேர்த்து வையுங்கள். நாலு வருஷம் கழுவினால் சங்கக் கணக்கில் எழுதுகிற அளவுக்கு வெள்ளி சேருமா என்று பொருளாளர் இப்போதே கேட்கிறார். சேராது தோழரே, ஆனாலும் கேனை மூடியே வையுங்கள்.